மார்ச் மாதத்துப் பணம்

மஞ்சள் பையைக் கவிழ்த்து எல்லாக் காகிதத்தையும் திண்ணையில் பரப்பச் சொல்வார். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாஸ்புக் என்று எத்தனை கிடந்தாலும் அவர் கை போவது இரண்டின் மேல்தான்: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் அட்டை. இரண்டையும் ஒட்டி வைத்து, ஆங்கிலத்தில் இருக்கும் பெயரின் மேல் ஆள்காட்டி விரலை எழுத்தெழுத்தாக நகர்த்துவார். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? புள்ளி உண்டா? நடுவில் இடம் விட்டிருக்கிறதா?

கூட வந்த தகப்பனாருக்குப் பொறுக்காது. “எங்க வருமானம் என்னன்னு கேக்கவே இல்லயே தாயி.”

“அது பெறவு அண்ணாச்சி. இந்த ரெண்டு பேப்பர்லயும் இருக்கது ஒரே பிள்ளதான்னு மொதல்ல கம்ப்யூட்டரு நம்பணும்லா.”

பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் 1988-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2024-ல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் அவர். 36 வருடச் சர்வீஸில் 29 வருடம் ஒரே நாற்காலி. அலுவலகத்தில் அதற்கு ஸ்காலர்ஷிப் சீட் என்று பெயர். அக்கவுண்ட்ஸ் சீட்டுக்கு மரியாதை உண்டு, எஸ்டாப்ளிஷ்மெண்ட் சீட்டுக்குப் பயம் உண்டு, ஸ்காலர்ஷிப் சீட்டுக்குக் கூட்டம் மட்டும்தான் உண்டு. யாரும் கேட்டு வாங்காத அந்த சீட்டை, 1995-ல் பிரசவ விடுப்பு முடிந்து வந்தவர் தலையில் கட்டினார்கள். பிறகு மாற்றல் கேட்கும்படி பலரும் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

அப்போதெல்லாம் ஜூன் மாதம் விண்ணப்பம் கொடுப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவனுக்கு ஃப்ரெஷ், இரண்டாம் வருடத்துக்காரனுக்கு ரினியூவல். சான்றிதழ் நகலில் கெஜட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்து வேண்டும். ஊரில் அரசு டாக்டரைத் தவிர வேறு கெஜட்டட் ஆபீசரைத் தெரியாத பையன்கள், காய்ச்சல்காரர்களோடு வரிசையில் நின்று கையெழுத்து வாங்கி வருவார்கள். சேர்ந்த விண்ணப்பங்களைச் சணல் கயிற்றால் கட்டி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் இருக்கும் ஆதி திராவிடர் நல அலுவலகத்துக்குக் கொண்டுபோவார். ஒரு பிள்ளைக்கு வருமானச் சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தால் கட்டு முழுவதும் திரும்பி வந்த வருடங்கள் உண்டு. சரிசெய்து மறுபடி கொண்டுபோனால் அங்கே சீட்டில் ஆள் மாறியிருப்பார்.

பணம் மார்ச்சில் வரும். நிதியாண்டு முடிகிற மாதம். ஒதுக்கியதைச் செலவழித்துக் கணக்குக் காட்டியாக வேண்டுமென்று, கருவூலத்திலிருந்து எல்லாம் ஒன்றாகப் பாஸ் ஆகி வரும். கல்லூரி ஊழியர்களுக்குள் அதற்கு ‘மார்ச் பணம்’ என்றே பெயர். பட்டுவாடா நாளில் வராந்தாவில் பெஞ்சு போட்டு, அக்விட்டன்ஸ் ரோலை விரித்து வைப்பார். பெயர், வகுப்பு, தொகை, கடைசிக் கட்டத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப். ஸ்டாம்பின் மேல் பாதியும் தாளில் பாதியுமாகக் கையெழுத்து விழ வேண்டும். முழுக் கையெழுத்தையும் ஸ்டாம்புக்குள்ளேயே சுருக்கிப் போட்டுவிட்டால் ஆடிட்டில் கேள்வி வரும். ஸ்டாம்பை நாக்கில் வைத்து நனைக்க வேண்டாமென்று ஈரப் பஞ்சு வைத்த கிண்ணி ஒன்றும் பக்கத்தில் இருக்கும். அந்தக் கிண்ணி இன்றும் அவர் வீட்டில் பூஜை மாடத்துக்குக் கீழே இருக்கிறது. குங்குமம் போட்டு வைத்திருக்கிறார்.

பட்டுவாடா முடிந்த சாயங்காலம் ரோலைப் புரட்டினால், கையெழுத்து விழாத கட்டங்கள் சில இருக்கும். படிப்பை விட்டுப் போனவர்கள். அவர்கள் பணத்தைச் சலான் போட்டுத் திருப்பிக் கட்ட வேண்டும். 1997 மார்ச்சில் அப்படி ஒரு கட்டம். மானூர்ப் பக்கத்துப் பையன், பி.ஏ. பொருளாதாரம் முதல் வருடம். பரீட்சைக் கட்டணமும் ஹாஸ்டல் பாக்கியும் கட்ட முடியாமல் நவம்பரிலேயே பம்பாய்க்குப் போய்விட்டான். இவர் போஸ்ட் கார்டு எழுதிப் போட்டார். அவன் வரவில்லை, கார்டை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு அவன் தாயார் வந்தார். மாணவன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுக்க முடியும். விதியைச் சொன்னதும் அந்த அம்மாள் வாதாடவில்லை. “எவ்வளவு ரூவா வந்திருக்கு?” என்று மட்டும் கேட்டார். சொன்னார். கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் தனியாக ஒரு நோட்டுப் போட்டார். ஒவ்வொரு மார்ச்சிலும் திருப்பிக் கட்டிய பெயர்கள், அவர்கள் நின்ற மாதம், நின்ற காரணம். சில வருடங்களிலேயே ஒன்று தெளிவாயிற்று. உதவித்தொகை மறுக்கப்பட்டதால் நின்றவர்கள் அதில் மிகக் குறைவு. தொகை போதாமல் நின்றவர்களும் அதிகமில்லை. கிடைக்கப்போகும் பணம் கிடைப்பதற்கு முன்னால் நின்றவர்கள்தான் பக்கம் பக்கமாக. கட்டணத்துக்குக் கடைசித் தேதி ஆகஸ்டு, பணம் வருவது மார்ச். நடுவில் கிடக்கும் ஏழு மாதத்தைத் தாண்டுவது எப்படி என்பதுதான் தன் வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார். வேலை விவரப் பட்டியலில் அப்படி எதுவும் கிடையாது. முதல்வரிடம் தவணைக்குக் கடிதம் எழுதவைப்பது, பூவர் பாய்ஸ் ஃபண்டிலிருந்து பரீட்சைக் கட்டணத்தைப் போட்டுவிட்டு மார்ச்சில் பிடித்துக்கொள்வது, ஹாஸ்டல் வார்டன் கையில் காலில் விழுவது என்று எல்லாவற்றையும் செய்தார். கடைசியாகச் சொன்னதை, “கை வரைக்கும் பல தடவ, கால் ஒரே ஒரு தடவ” என்று திருத்துகிறார்.

திட்டம் இல்லாமல் இல்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் 1944-ல், வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்கியது. தமிழ்நாட்டில் 2012-ல் வந்த அரசாணை 92, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதி திராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. அந்த எண்ணைத் தெரிந்துவைத்திருந்த குடும்பத்துக்கும் தெரியாத குடும்பத்துக்கும் கல்லூரிக் கவுண்டரில் கிடைத்த பதிலே வேறு. “தொண்ணூத்திரெண்டுன்னு சொல்லிப் பாருங்க, உக்காரச் சொல்லி நாற்காலி போடுவாங்க” என்பார்.

பீடிக் கதையைத் தொட்டால் அவர் பேச்சு நீளும். நீள வேண்டியதுதான். ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்கள். அவர்கள் பிள்ளைகளுக்கென்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை தனியாக இருக்கிறது. 1976-ல் வந்த பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின் வழியாகப் பிறந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த நிதிக்கான வரி போனாலும் உதவித்தொகை நிற்கவில்லை. பட்டப்படிப்புக்கு வருடம் 6,000 ரூபாய், பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய்.

கல்லூரியில் பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருந்த காலத்தில், முதன்முதலில் அவரிடம் வந்த விண்ணப்பங்கள் பதினொன்றுதான். ஏன் என்று வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா பீடி சுற்றுகிறாள் என்று நாற்பது பேருக்கு நடுவில் கையைத் தூக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? அடுத்த நாள் நோட்டீஸ் போர்டில், ‘நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு மதியம் 1 மணிக்கு மேல் வரவும்’ என்று மட்டும் எழுதிப் போட்டார். எதற்கு என்று எழுதவில்லை. வகுப்பில் விஷயம் ஏற்கெனவே பரவியிருந்தது. வந்தார்கள்.

அதற்கப்புறம்தான் உண்மையான சிக்கல். ஒரு தாயார் தன் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். பீடிக்கடையில் இலையும் தூளும் கொடுத்ததையும் சுற்றிய பீடியை எண்ணி வாங்கியதையும் குறிக்கிற புத்தகம். திறந்ததும் மேஜையெல்லாம் புகையிலை வாசம். அதில் இருந்த பெயர் அவருடையது இல்லை, மாமியாருடையது. கல்யாணமாகி வந்த நாள் முதல் சுற்றியது இவர், கணக்கு ஓடியது மாமியார் பெயரில், பி.எஃப். பிடித்ததும் மாமியார் பெயரில், அடையாள அட்டையும் மாமியாருக்கே. உதவித்தொகை அட்டை வைத்திருப்பவரின் பிள்ளைக்குத்தான். பேத்திக்கு இல்லை. பதினெட்டு வருடம் ஆயிரமாயிரமாகச் சுற்றிய அந்தப் பெண், காகிதப்படி ஒரு பீடிகூடச் சுற்றியதில்லை.

“ஒங்க பேர்ல ஒரு புத்தகம் போடச் சொல்லிக் கடையில கேளுங்க.”

“மாமியா வையும் டீச்சர்.”

அவர் டீச்சர் இல்லை. ஆனாலும் பீடி சுற்றும் பெண்கள் யாரும் அவரை வேறு மாதிரி அழைத்ததில்லை. மாமியாரை வரவழைத்துப் பேசினார். கிழவிக்கு அட்டை போய்விடுமோ, முக்கூடலில் இருக்கும் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான். மருமகள் மேல் வேறு கோபம் ஒன்றுமில்லை. அட்டை அப்படியே இருக்கும், இது வேறு அட்டை என்று புரியவைக்க ஒரு மதியம் ஆயிற்று. மருமகளுக்குத் தனிப் புத்தகம் போட்டு, வேலை நாட்கள் கணக்கில் சேர்ந்து, அட்டை கையில் வந்தபோது மூத்தவள் இறுதியாண்டு முடித்துவிட்டாள். இளையவளுக்குக் கிடைத்தது.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு ஸ்காலர்ஷிப்தான். இரண்டுக்கும் போட்டுவைப்போம், எது வருகிறதோ வரட்டும் என்று நினைக்கிற புத்திசாலிகளுக்குச் சில சமயம் இரண்டுமே போய்விடும். எது அதிகம், எது முன்னால் வரும் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். இரண்டில் ஒன்று என்றால் முன்னால் வருவதையே எடு என்பார், தொகை கொஞ்சம் குறைந்தாலும்.

ரோலும் ஸ்டாம்பும் போய் வங்கிக் கணக்கு வந்தபோது, மார்ச் கூட்டம் இனி இருக்காது என்று சந்தோஷப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கூட்டம் குறையவில்லை, வருடம் முழுவதுக்குமாகப் பரவிக்கொண்டது. பெயர்தான் பெரிய தலைவலி. திருநெல்வேலிச் சீமையில் இசக்கி என்ற பெயர் எத்தனை ஆயிரம் பேருக்கு இருக்கும்! ஆங்கிலத்தில் அதை ‘ஈ’ போட்டு எழுதுகிற பள்ளிக்கூடம் உண்டு, ‘ஐ’ போட்டு எழுதுகிற ஆதார் மையம் உண்டு, ‘எஸ்’ ஒன்றா இரண்டா என்பதை அன்றைய மனநிலைப்படி முடிவு செய்கிற பேங்க் உண்டு. இனிஷியலைத் தனி எழுத்தாகப் போடும் நம் வழக்கமும், அப்பா பெயரை முழுதாகக் கேட்கும் டெல்லிக்காரர் படிவமும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை.

ஆதார் வந்த பிறகு, அரசுப் பணம் போகும் கணக்கை ஆதாரோடு பிணைக்கும் ‘சீடிங்’ என்ற சொல்லைப் பாட்டிமார்கூடக் கற்றுக்கொண்டார்கள். ஒரு பெண், பி.எஸ்.சி. கணிதம். பணம் அனுப்பியாகிவிட்டது என்கிறது அரசாங்க இணையதளம். கணக்கில் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்கிறது பாஸ்புக். பேங்கில் கேட்டால், “ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு” என்கிறார்கள். ஏழு மாதம் அலைந்தார்கள். ஒருநாள் இவர் அந்தப் பெண்ணை எதிரில் உட்காரவைத்து, அவள் ஆதார் எண்ணைப் போட்டுப் பார்த்தார். அரசுப் பணம் போய்ச் சேரும் கணக்கு என்று வேறொரு பேங்கின் பெயர் வந்தது. அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் சிம் கார்டு வாங்கியபோது, ரேகை வைக்கச் சொன்னார்கள் என்று வைத்திருக்கிறாள். சிம்மோடு சேர்த்து ஒரு கணக்கும் திறந்து, ஆதாரும் அங்கே சீடிங் ஆகிவிட்டது. ஆதாரோடு எத்தனை கணக்கை இணைத்தாலும் அரசுப் பணம் போவது கடைசியாக சீடிங் ஆன கணக்குக்குத்தான். ஏழு மாதமாகப் பணம் அவள் கைப்பையிலேயே, போனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இதை இன்று அவர் சிரித்துக்கொண்டு சொல்கிறார். அந்த ஏழு மாதத்தில் அவள் இரண்டு முறை டி.சி. கேட்டுவந்தாள் என்பதைச் சிரிக்காமல் சொல்கிறார்.

2021-22 முதல் இன்னொரு மாற்றம். போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேரே மாணவர் கணக்குக்கு வர ஆரம்பித்தது. வந்த ஒரு வாரத்துக்குள் மாணவர் அதைக் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். நடுவில் யார் கையிலும் பணம் தங்காமல் இருக்க இதுதான் நல்ல வழி என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. நடுவில் தங்கிய பல கைகளை அவர் பார்த்தவர். ஆனால் அப்பாவை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் பார்த்து மகன் கணக்கில் பணம் வந்தால், அவன் என்ன செய்வான்? செய்தான். கல்லூரி அவனுக்கு ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தது. இவர் பழைய வழிக்கே போக வேண்டியிருந்தது: தவணைக் கடிதம், ஃபண்ட், வார்டன்.

பணம் நேரத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு உண்டு. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள், கட்டணத்தைக் கேட்டதும் இடமே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பின்னால்தான் கட்டணத்தை அரசே கட்டும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த நவம்பரில் பேப்பரைப் பார்த்துவிட்டு, “நம்ம நோட்டுலதான் இதையும் எழுதணும்” என்று வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அடுத்த வருடம் பொறியியலுக்கும் ஒதுக்கீடு நீண்டது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும் என்று கலந்தாய்வு நாட்களிலேயே சொல்லிவிட்டார்கள். தெருக்கோடி வீட்டுப் பையன் ஒருவன் அப்படிச் சேர்ந்தான். அவனுடைய அம்மா இவர் வீட்டுத் திண்ணைக்கு ஒரே ஒருமுறைதான் வந்தார், அல்வாவோடு.

2022 செப்டம்பர் 5-ம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் அவர் சீட்டுக்கே வந்து சேர்ந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது உண்டு. அதனால் ‘எதை விடுவது’ என்ற பஞ்சாயத்து இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் பெருந்தொகையைவிட மாதம் தவறாமல் வரும் ஆயிரத்தை அவர் உயர்வாக நினைக்கிறார். பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டாமல் போனது சின்ன விஷயமில்லை என்பார். ஏ.டி.எம். கார்டை யார் வைத்திருப்பது என்று வீட்டில் சண்டை வந்ததைச் சில பெண்கள் சொல்வார்கள். “பின் நம்பர யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு கவர்மெண்டே சொல்லியிருக்குன்னு சொல்லு மக்கா” என்பது அவர் கொடுத்த யோசனை.

கல்விக் கடன் அவர் சீட்டில் இல்லாத விஷயம். ஆனால் தெருவில் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். 2001-ல் வந்த மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை ஈடு வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும். “உங்க வீடு எங்க ஏரியாவுல வராது” என்று மேனேஜர் சொன்னால் என்ன செய்வது என்பது தெரியாது. அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று 2012 நவம்பரில் ரிசர்வ் வங்கி அனுப்பிய சுற்றறிக்கையின் ஜெராக்ஸை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார். வெளியே எடுத்தது மூன்று தடவை. மூன்று தடவையும் காபி வரவழைத்தார்கள்.

அவருக்கு ஆறாத மனக்குறை எதிர்வீட்டுக் கடன். 2010-ல் அந்த வீட்டுப் பெண் நர்சிங் சேர்ந்தாள். நான்கு வருடம், வருடம் 80,000 வீதம் 3,20,000 ரூபாய். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-10-லிருந்தே நடைமுறையில் இருந்தது. தாசில்தாரின் வருமானச் சான்றிதழைப் பேங்கில் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இவருக்கும் அப்போது அந்தத் திட்டம் தெரியாது. வேலைக்குப் போன பிறகு ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பார்த்தால் நிலுவை 4,54,000. வட்டி மட்டும் 1,34,000. பழைய வருடத்து வருமானத்துக்கு இப்போது சான்றிதழ் தர முடியாது என்றார்கள் தாலுகா ஆபீசில். அந்தப் பெண்ணின் அப்பா தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். அவருடைய வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டியதா என்பதைத் தாலுகா ஆபீஸ் முழுவதும் அறியும். அங்கே காலைச் சாப்பாடே அவர் இட்லிதான்.

2015-ல் வித்யாலட்சுமி இணையதளம் வந்தது. ஒரே விண்ணப்பத்தில் மூன்று வங்கிகளுக்குப் போடலாம், எழுத்தில் பதில் வந்தாக வேண்டும் என்பதால் வாய்மொழி மறுப்பு குறைந்தது. 2024 நவம்பரில் ஒப்புதலான பி.எம். வித்யாலட்சுமியில் ஈடும் ஜாமீனும் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் தரவரிசையில் மேலே இருக்கும் கல்வி நிறுவனங்களுக்குத்தான்; ஒப்புதலானபோது அவை 860. திண்ணைக்கு வருகிறவர்களில் அந்தப் பட்டியலுக்குள் இடம் பிடித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

மஞ்சள் பைக்காரரின் மகளுக்கு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால். பிறந்த தேதி ஒத்துப்போகிறது; அந்த மட்டில் பிழைத்தார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் முதுகில் அவர் எழுதுகிறார்: ஹெட் போஸ்ட் ஆபீசில் ஆதார் திருத்தம். திருத்திய அட்டையோடு பேங்கில் சீடிங். அப்புறம்தான் இ-சேவையில் வருமானச் சான்றிதழ், 60 ரூபாய், ரசீதைத் தொலைக்கக்கூடாது. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரு தேதி போட்டு, கடைசித் தேதியைச் சிவப்பு மையில் சுழிக்கிறார்.

“நாளைக்கே போஸ்ட் ஆபீசுக்குப் போயிருதேன் தாயி.”

“நாளைக்குத் திங்கக்கிழம, கூட்டமா கெடக்கும். செவ்வா காலைல எட்டு மணிக்கே போய் டோக்கன் வாங்குங்க. பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி, நீங்க மட்டும் போனா ஆகாது. ரேகை அவ வைக்கணும்.”